‘விளங்கினதா?’ என்று கேட்டால் தலையாட்டாதீர்கள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்னக் கடதாசி உறை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுத் தருவார்களே, அந்த உறைதான். உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் பல வருடங்களாக நான் அதை எறியவில்லை. அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு மருந்தின் பெயரும், 3 என்ற இலக்கமும், சிங்களத்தில் ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு சொல்லை வாசிக்கத் தெரியாததால் நான் என் அம்மாவை இழக்கப் பார்த்தேன்.

அம்மாவுக்கு அப்போது 62 வயது. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. மணிக்கட்டு வீங்கிவிடும். தேங்காய் திருவ முடியாது, தலை பின்ன முடியாது. பரிசோதித்துப் பார்த்து மூட்டுவாதம் என்றார்கள். அதற்கான விசேட வைத்தியரைப் பார்ப்பதற்காக வெளிமாவட்டத்துப் பெரியாஸ்பத்திரி ஒன்றுக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். வவுனியாவிலிருந்து விடியப்புறம் 3 மணி பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இலக்கம் எடுத்து, வாங்கிலே காத்திருந்து, உள்ளே போகும்போது மதியம் 12 மணியாகிவிட்டது.

வைத்தியர் நல்லவர். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். முகம் சுழிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் வெளியே அறுபது எழுபது பேர் நின்றார்கள். ஆங்கிலம் கலந்த சிங்களத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே எழுதினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸிலும் சந்தையிலும் பழகிய சிங்களம். ‘தவசகட்ட’ என்றால் ஒரு நாளைக்கு, ‘சத்தியகட்ட’ என்றால் ஒரு கிழமைக்கு என்பது எனக்குத் தெரியும். இரண்டு சொல்லும் அவருடைய வாயில் வந்தன. இரண்டு மருந்துகளின் பெயரும் வந்தன. எது எதற்கு என்பதுதான் என் காதில் ஒழுங்காக விழவில்லை.

கடைசியில் நிமிர்ந்து பார்த்து, “தேருணாத?” என்று கேட்டார். விளங்கினதா என்று அர்த்தம்.

“ஓவ், டொக்டர்” என்று தலையாட்டினேன்.

விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். படித்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரே என்ற கூச்சம். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்களே என்ற அவதி. மருந்து கொடுக்கும் இடத்திலும் அதே கதைதான். கம்பிக்கு உள்ளேயிருந்து ஏதோ சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் அம்மா கேட்டார், “என்னவாம் பிள்ளை?” நான் சொன்னேன், “இந்தக் குளிசை ஒரு நாளைக்கு 3, அம்மா. காலை, மத்தியானம், இரவு. மற்றது விற்றமின் மாதிரியாம், அது கிழமைக்கு ஒருக்கா.”

மாற்றிச் சொல்லிவிட்டேன்.

எட்டு நாளில் முடிந்த மருந்து

அம்மா மருந்து விசயத்தில் வெகு கவனம். ஒரு நேரம் தவறவிடமாட்டார். ஆறாம் நாள் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. கஞ்சி குடித்தாலும் எரிந்தது. சூடாக்கும் என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தேன். ஏழாம் நாள் காய்ச்சல். கையில் அடிபடாமலே நீலம் பாய்ந்திருந்தது. எட்டாம் நாள் இரவு அம்மா சொன்னார், “பிள்ளை, அந்தக் குளிசை முடிஞ்சுது. இரண்டு மாதத்துக்கெண்டெல்லோ தந்தவை?”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எண்ணிக் குறையத் தந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் காய்ச்சல் கூடியதால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாட்டில் நின்றவர் ஓர் இளம் பெண் வைத்தியர். நான் கொடுத்த கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமல் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கேட்டார்:

“அம்மா, நீங்கள் வீட்டில போடுற மருந்தெல்லாத்தையும் ஒவ்வொண்டா எனக்குச் சொல்லுங்கோ பாப்பம். எதை, எப்ப, எத்தினை போடுறனீங்கள்?”

அம்மா விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார். “இது காலமை ஒண்டு, மத்தியானம் ஒண்டு, இரவு ஒண்டு...”

வைத்தியரின் முகம் மாறியது. 24 குளிசைகள் தந்திருந்தார்கள். கிழமையில் ஒரே ஒரு நாள், அந்த நாளில் மூன்று குளிசைகள் என்று 8 கிழமைக்குரிய மருந்து அது. அம்மா அதை 8 நாளில் போட்டு முடித்திருந்தார்.

அந்த மருந்தின் பெயர் மெதோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு உலகமெங்கும் கொடுக்கப்படும் நல்ல மருந்து. கூடிய அளவில் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள். மூட்டுவாதத்துக்குக் கிழமையில் ஒரு தடவை மாத்திரமே போடவேண்டும். நாளாந்தம் போட்டால் எலும்பு மச்சையில் இரத்தக் கலங்கள் உருவாவது குறைந்துவிடும். வாயிலும் குடலிலும் புண் வரும். கிருமி தொற்றினால் எதிர்த்து நிற்க உடம்பில் பலமிருக்காது. பல நாடுகளில் இதே பிழையால் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மருந்தை எழுதும்போது எந்தக் கிழமை நாளில் போடவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்கள்.

அம்மா 17 நாட்கள் வாட்டில் இருந்தார். மாற்று மருந்து ஏற்றினார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். அந்த 17 இரவுகளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த எனக்கு ஒரு யோசனைதான். யாருடைய பிழை இது?

எல்லோரும் சொன்னார்கள், ஒருவரும் சரிபார்க்கவில்லை

வைத்தியர் சொன்னார். மருந்தாளர் உறையில் எழுதினார். நான் கேட்டேன். அம்மா சொன்னபடி செய்தார். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்ததாகத்தான் நினைத்தோம். சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு கேள்வி, ‘எப்படிப் போடுவீர்கள், சொல்லுங்கள்’ என்ற ஒரே ஒரு கேள்வி, முதல் நாளே கேட்கப்பட்டிருந்தால் அந்த 17 நாட்கள் வந்திராது.

இது எங்கள் வீட்டில் மாத்திரம் நடப்பதல்ல என்பது பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தபோது தெரிந்தது. வைத்தியர் சொல்லும் விபரங்களில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனேயே மறந்துவிடுகிறது என்றும், ஞாபகத்தில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி பிழையாகவே நிற்கிறது என்றும் 2003இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்று கூறுகிறது. பயத்தோடும் நோவோடும் இருப்பவரின் மனதில் எப்படி எல்லாம் பதியும்?

நோயாளி கதைக்கவும் இடம் கிடைப்பதில்லை. 1984இல் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்றில், நோயாளி தன் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் வைத்தியர் குறுக்கிட்டுவிடுவது தெரியவந்தது. 2017இல் 67 நாடுகளின் தகவல்களைச் சேர்த்துச் செய்த ஆய்வின்படி, வைத்தியர் ஒரு நோயாளியோடு செலவழிக்கும் நேரம் சுவீடனில் இருபது நிமிடத்துக்கும் மேல். பங்களாதேசத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. உலக சனத்தொகையில் பாதிப்பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்குக் குறைவோதான்.

எங்கள் கிளினிக்குகளில் நிற்கும் சனத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. இலவசமாகப் பார்க்கிறார்கள், இலவசமாக மருந்து தருகிறார்கள். இரவு முழுவதும் கண்விழித்துவிட்டுக் காலையில் கிளினிக்கில் வந்து இருக்கும் வைத்தியரையும் தாதியையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வது இலகு. ஆனால் நேரம் குறைவாக இருப்பதால்தான் அந்த நேரத்தில் சொல்வது சரியாகப் போய்ச் சேரவேண்டும். பிழையாக விளங்கிக்கொண்ட ஒருவர் திரும்பி வரும்போது பதினேழு நாள் கட்டிலில் கிடக்கவேண்டி வருகிறதே!

தமிழில் வாசிக்கத் தெரிந்த அம்மா

என்னை இன்றைக்கும் சுடுகிற விசயம் ஒன்றுண்டு. என் அம்மா எழுத்தறிவில்லாதவர் அல்ல. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பேப்பர் வாசிப்பார். அந்த உறையில் ‘கிழமைக்கு ஒருநாள்’ என்று தமிழில் இருந்திருந்தால், நான் என்ன சொல்லியிருந்தாலும் அவர் பிடித்திருப்பார்.

1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதற்குமான நிர்வாக மொழிகளாக ஆக்கியது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடங்களிலும் அரச உத்தியோகத்தர்களோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை நமக்குண்டு. சட்டத்தில் இருப்பது உறையில் இல்லை. மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்ப் பகுதி ஆஸ்பத்திரிகளில் வந்து மலைத்துப்போய் நிற்கும் சிங்களத் தாய்மாரையும் நான் பார்த்திருக்கிறேன். வருத்தம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நோயாளியின் மொழியில் வைத்தியம் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைப் படித்து, மானிப்பாயில் நம் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பெரிய மருத்துவ நூல்களை அவரும் அவருடைய மாணவர்களும் தமிழில் ஆக்கினார்கள். தமிழர்களுக்கான வைத்தியர்கள் தமிழர்களின் மொழியிலேயே படிக்கவேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். இன்றைக்கு நாம் கேட்பது அவ்வளவு பெரிய விசயமல்ல. ஓர் உறையில் இரண்டு சொற்கள்.

இன்னும் கிட்டவே ஓர் உதாரணம் இருக்கிறது. நம்மிடம் வீடு தேடி வருகிற குடும்பநல மருத்துவமாது! 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் பிறகு நாடு முழுவதும் பரவி, ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு மருத்துவமாதுவைக் கொண்டுவந்து சேர்த்தது. என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எங்கள் மிஸ் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “இரும்புச்சத்துக் குளிசையை எப்ப போடுறீர்? தேத்தண்ணியோட போடுறீரோ?” என்று கேட்பார். நான் முழிப்பதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிடும், தேத்தண்ணி அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்று திரும்பவும் சொல்வார். தாயும் சேயும் தப்பிப் பிழைப்பதில் இலங்கை நல்ல பெயர் எடுத்திருக்கிறது என்றால், அதில் இந்தத் திண்ணைப் பேச்சுக்கும் பங்குண்டு.

நாங்கள் பெண்கள், இன்னும் ஒருபடி ஊமைகள்

பெண்களுக்கு மொழி தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்வார், அல்லது மகன் சொல்வான். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து இரத்தம் போவதைச் சொல்லாமலே மூன்று தடவை கிளினிக்குக்குப் போய் வந்தார். மொழிபெயர்த்துச் சொல்ல நின்றது பன்னிரண்டு வயதுப் பேரன். அவனிடம் எப்படிச் சொல்வது? ‘இடுப்பு நோகுது’ என்று சொல்லிவிட்டு வந்தார். மாதவிடாய் நின்றபின் இரத்தம் போனால் அது கட்டாயம் பரிசோதிக்கவேண்டிய அறிகுறி. நாலாவது தடவை நான் கூடப் போனேன். நல்லவேளை, பெரிய வருத்தமொன்றும் இல்லை.

சகோதரிகளே, ‘டொக்டர் ஏசுவார்’ என்ற பயத்தை முதலில் விடுவோம். நாட்டு மருந்து குடித்தால் குடித்தேன் என்று சொல்வோம். குளிசையை இடையில் நிறுத்தினால் நிறுத்தினேன் என்று சொல்வோம். அவர் ஏசினாலும் அது ஒரு நிமிடம்தான். மறைத்தால் அவர் இல்லாத ஒன்றை வைத்து வைத்தியம் செய்யவேண்டி வரும்.

நாங்கள் செய்யக்கூடியவை

1. கேட்கவேண்டிய மூன்று விசயங்களை முதல்நாள் இரவே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மிக முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். எழும்பி வரும்போது வாசலில் நின்று சொல்லாதீர்கள்.

2. வீட்டில் போடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் வாங்கியதையும், தனியார் கிளினிக்கில் தந்ததையும், நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான். பனடோலும் பரசிட்டமோலும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு.

3. மருந்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சொல்லிக் காட்டுங்கள். ‘இது ஒரு நாளைக்கு எத்தனை? இது சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா? எத்தனை நாளைக்கு?’ அவர் தலையாட்டிய பிறகு நீங்களே உறையில் தமிழில் எழுதுங்கள். ஒரு பேனை கொண்டு போங்கள்.

4. துண்டில் இருக்கும் ‘பி.டி.’ என்றால் நாளுக்கு இரண்டு தடவை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூன்று தடவை, ‘மானே’ என்றால் காலை, ‘நொக்டே’ என்றால் இரவு. இவை பழைய லத்தீன் குறிப்புகள். தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனாலும் ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.

5. குளிசை நிறமோ வடிவமோ மாறினால், நினைத்ததற்கு முன்பே முடிந்தால், அல்லது முடியவேண்டிய நாளில் மிச்சம் இருந்தால், அது ஒரு அறிகுறி. திரும்பப் போய்க் கேளுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

6. மொழி தெரியாவிட்டால் பிள்ளைகளை நிறுத்தாமல் வளர்ந்த பெண் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அங்கு தமிழ் தெரிந்த தாதி, சிற்றூழியர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் ஒரு தாழ்மையான வேண்டுகோள். ‘விளங்கினதா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் எப்போதும் ‘ஓம்’ என்றுதான் சொல்வோம். ‘நான் ஒழுங்காகச் சொன்னேனோ தெரியாது, வீட்டில் போய் எப்படிப் போடுவீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்பம்’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் எங்களுக்குப் பரீட்சை மாதிரித் தோன்றாது. திருப்பிச் சொல்லவைக்கும் இந்த முறையை இப்போது பல நாடுகளில் வைத்திய மாணவர்களுக்கும் தாதியருக்கும் பழக்குகிறார்கள். ஒரு நிமிடம்தான் பிடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் ‘தீங்கில்லாத மருந்து’ என்ற வேலைத்திட்டத்தைத் தொடங்கியது. 2019 முதல் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 17ஆம் திகதி நோயாளர் பாதுகாப்பு தினமாக அனுட்டிக்கப்படுகிறது. 2023இல் அந்த நாளின் கருப்பொருளே, நோயாளியின் குரலையும் கேட்கவேண்டும் என்பதுதான். குரல் கேட்கப்பட வேண்டுமானால் முதலில் நாம் வாய் திறக்கவேண்டுமே!

இரண்டு சொற்கள்

அம்மா தேறிய பிறகு அதே வெளிமாவட்ட கிளினிக்குக்குத் திரும்பவும் போனோம். அதே வைத்தியர்தான். நடந்ததைக் கடிதத்தில் வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். வேறு மருந்து எழுதினார். விளக்கினார். பிறகு பழக்கத்தில், “தேருணாத?” என்று கேட்டார்.

வாசலில் அன்றைக்கும் அறுபது எழுபது பேர் நின்றார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. “தேருணே நே, டொக்டர்” என்றேன். விளங்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை இழுத்து ஒரு சூரியனையும் ஒரு பிறையையும் கீறினார். சூரியனுக்குக் கீழே ஒரு வட்டம், பிறைக்குக் கீழே ஒரு வட்டம். தாளை என்னிடம் தராமல் அம்மாவிடம் நீட்டினார். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார், “காலமை ஒண்டு, இரவு ஒண்டு.” நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். வைத்தியர் சிரித்துக்கொண்டு, “ஹரி, அம்மா” என்றார். சரி என்று.

அந்தத் தாளையும் அலமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருக்கிறேன், அந்த உறைக்குப் பக்கத்தில். ஒன்று நான் தலையாட்டிய நாள். மற்றது நான் கேட்ட நாள்.